டிலன் கேட்ட பாட்டுகள்: பழைய அமெரிக்க இசைக்குள் நுழைய ஒரு வழிகாட்டி

பாப் டிலனின் முதல் இசைத்தட்டு 1962 மார்ச்சில் வெளிவந்தது. அதில் 13 பாட்டுகள். அவரே எழுதியவை 2 மட்டும்தான். மீதியெல்லாம் அவருக்கு முன்னால் பாடியவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டவை: டெக்ஸஸைச் சேர்ந்த பார்வையற்ற பாடகர் ஒருவரின் பாட்டு, மிசிசிப்பிக்காரர் ஒருவரின் பாட்டு, மலைநாட்டுப் பாட்டுகள், தேவாலயப் பாட்டுகள். 2016இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்றவர், தன் பாட்டுப் பயணத்தை அடுத்தவர் பாட்டிலிருந்துதான் தொடங்கினார்.

அந்த மூலப்பாட்டுகளைத் திரட்டித் தரும் தொகுப்புகள் பல வந்திருக்கின்றன. சில சிடிகளாக, சில ஸ்ட்ரீமிங் தளங்களில் பிளேலிஸ்டுகளாக. 1920களிலிருந்து 1950கள் வரையான அமெரிக்க இசையில் கால்வைக்க, புதியவருக்கு இதைவிட நல்ல வாசல் இல்லை என்பது என் எண்ணம். ஆனால் பலர் இப்படியொரு தொகுப்பை ஒருமுறை ஓடவிட்டு, ‘கரகரவென்று இருக்கிறது, எல்லாம் ஒரே மாதிரி கேட்கிறது’ என்று விட்டுவிடுகிறார்கள். முதல் பாட்டில் ஆரம்பித்துக் கடைசிப் பாட்டுவரை வரிசையாகக் கேட்டால் அப்படித்தான் தோன்றும். தொகுப்பிலிருந்து ஒவ்வொரு பாட்டாக வெளியே எடுத்து, அது வந்த திசையில் போக வேண்டும். எப்படிப் போவது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1. விவரம் உள்ள தொகுப்பை எடுங்கள்

எத்தனை பாட்டு இருக்கிறது என்பதைப் பார்த்துத் தொகுப்பைத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் நான்கு விவரங்கள் தரப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள்: யார் பாடியது, எந்த வருடம், எந்த ஊரில் பதிவானது, எந்தக் கம்பெனி வெளியிட்டது. இவை இல்லாத தொகுப்பு உங்களை எங்கேயும் அழைத்துப்போகாது.

வருடம் ரொம்ப முக்கியம். ஒரே பாடகர் ஒரே பாட்டை 30 வருட இடைவெளியில் இரண்டு முறை பதிவு செய்திருப்பார். ஸ்ட்ரீமிங் தளங்களில் பாட்டின் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் வருடத்தை நம்ப வேண்டாம். பெரும்பாலும் அது அந்த மறுவெளியீடு வந்த வருடம்தான். 1927இல் பதிவான பாட்டுக்குப் பக்கத்தில் 2005 என்று இருக்கும். சரியான தேதி வேண்டுமானால், சான்டா பார்பராவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் நடத்தும் பழைய அமெரிக்க ஒலிப்பதிவுகளின் தரவுத்தளத்தில் பாருங்கள். இலவசம்தான். பாடகர் பெயரைக் கொடுத்தால், பல பதிவுகளுக்கு எந்த நாளில், எந்த ஊரில் பதிவானது என்பதுவரை கிடைக்கும்.

2. தெரிந்த பாட்டில் தொடங்கி, ஜோடியாகக் கேளுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள். உங்களுக்கு ஏற்கெனவே பிடித்த டிலன் பாட்டு ஒன்றை எடுத்து, அதன் மூலத்தை அடுத்து வைத்துக் கேளுங்கள். முதலில் மூலம், பிறகு டிலன், பிறகு மறுபடி மூலம். இந்த மூன்றாவது முறையில்தான் காது திறக்கும்.

தொடங்க ஏற்ற ஜோடிகள் சில.

‘ப்ளோயிங் இன் த விண்ட்’ எல்லோருக்கும் தெரியும். அதன் மெட்டு ‘நோ மோர் ஆக்ஷன் பிளாக்’ என்ற பழைய ஆன்மிகப் பாட்டிலிருந்து வந்தது என்று டிலனே சொல்லியிருக்கிறார். அடிமைகளை ஏற்றி நிறுத்தி விலைபேசிய ஏலமேடை இனி எனக்கில்லை என்று பாடும் பாட்டு அது. ஒடெட்டா என்ற பாடகியின் குரலில் 1960இல் கார்னகி ஹாலில் பதிவானது கிடைக்கிறது. டிலன் அதையே 1962இல் ஒரு சிறிய காஃபி கிளப்பில் பாடிய பதிவும் பின்னாளில் வெளிவந்தது. மூன்றையும் அடுத்தடுத்துக் கேட்டால், டிலன் பாட்டில் வரும் கேள்விகளுக்குப் பின்னால் எவ்வளவு பழைய வலி நிற்கிறது என்பது புரியும். மெட்டை மட்டும் அவர் எடுத்துக்கொள்ளவில்லை, அதன் கனத்தையும் சேர்த்துத்தான் எடுத்துக்கொண்டார்.

‘எ ஹார்ட் ரெயின்ஸ் எ-கானா ஃபால்’ பாட்டில் கேள்வி ஒரு பக்கமும் பதில் ஒரு பக்கமுமாக மகனோடு பேச்சு நடக்கும். இது ‘லார்ட் ராண்டல்’ என்ற ஸ்காட்லாந்து எல்லைப்புறக் கதைப்பாடலின் வடிவம். பழைய பாட்டில் தாய் கேட்கக் கேட்க, மகன் தனக்கு விஷம் வைக்கப்பட்டதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்வான். டிலன் அந்தச் சட்டகத்தை வைத்துக்கொண்டு உள்ளே வேறொரு உலகத்தை நிரப்பினார். இங்கே மெட்டு பொதுவல்ல, அமைப்புதான் பொது.

மூன்றாவது, முதல் இசைத்தட்டிலேயே இருக்கும் ‘சீ தட் மை கிரேவ் இஸ் கெப்ட் க்ளீன்’. மூலம், தொடக்கத்தில் சொன்ன டெக்ஸஸ் பாடகர் பிளைண்ட் லெமன் ஜெஃபர்சன், 1928. தேவாலய மணியைப் பற்றி அவர் பாடும் இடத்தில் கிட்டாரின் தடித்த கம்பி ஒன்றைத் தட்டி மணியோசை எழுப்புவார். அந்த ஒரு நொடிக்காகக் காத்திருந்து கேளுங்கள். டிலனுக்கு அப்போது 20 வயதுதான். சாகக் கிடக்கும் கிழவனைப் போலப் பாட முயல்கிறார். ஜெஃபர்சன் அப்படி எந்த முயற்சியும் செய்யவில்லை, சாதாரணமாகப் பாடுகிறார். கேட்கும்போது ஜெஃபர்சன் பாடியதுதான் அதிகம் நடுக்குகிறது.

3. காதைப் பழக்குங்கள்

இரைச்சல்தான் முதல் தடை. அதற்குக் காரணங்கள் உண்டு, தெரிந்தால் பாதி எரிச்சல் போய்விடும். 1925க்கு முன்னால் ஒலிப்பதிவுக்கு மைக் கிடையாது. ஒரு பெரிய புனலுக்குள் பாட வேண்டும், அதன் அதிர்வு நேரடியாக மெழுகில் கீறும். 1925இல் மின்சார ஒலிப்பதிவு வந்த பிறகுதான் கிட்டார் போன்ற மெல்லிய சத்தம் தெளிவாகப் பதிவானது. அதனால் புதியவர்கள் 1926க்குப் பிந்தைய பதிவுகளில் தொடங்குவது நல்லது. அப்புறம், தட்டின் தரம். மிசிசிப்பி பாடகர்கள் பலரைப் பதிவு செய்த பாரமவுண்ட் கம்பெனி, விஸ்கான்சினில் இருந்த ஒரு நாற்காலித் தொழிற்சாலையின் கிளை. மலிவான தட்டுகளைத்தான் அச்சடித்தது. பல பாட்டுகளுக்கு மூலத் தகடுகள் அழிந்துவிட்டன. யாரோ வீட்டில் ஓட்டி ஓட்டித் தேய்ந்த ஒன்றிரண்டு தட்டுகள்தான் மிச்சம். இன்று நாம் கேட்பது அவற்றைத்தான்.

செய்ய வேண்டியவை இவை. ஒரே பாட்டின் இரண்டு மறுவெளியீடுகளை ஒப்பிடுங்கள். இரைச்சலை முழுக்கத் துடைத்த பதிப்பில் குரலின் ஓரமும் கிட்டாரின் கூர்மையும் சேர்ந்தே போயிருக்கும். கொஞ்சம் இரைச்சல் உள்ளதையே எடுங்கள். முதலில் ஹெட்ஃபோன் வேண்டாம். அறையில் ஒரு சாதாரண ஸ்பீக்கரில் கேளுங்கள். ஹெட்ஃபோனில் கரகரப்பு நேராகக் காதுக்குள் வரும், ஸ்பீக்கரில் அது காற்றில் கரைந்து பாட்டு முன்னால் வந்து நிற்கும்.

இன்னொரு நல்ல வழி உண்டு. 1920களில் பதிவு செய்து, பிறகு மறக்கப்பட்டு, 1960களில் மீண்டும் கண்டுபிடிக்கப்பட்ட பாடகர்கள் சிலர் இருக்கிறார்கள். மிசிசிப்பி ஜான் ஹர்ட் 1928இல் ஓகே கம்பெனிக்குச் சில பாட்டுகள் பாடினார், பிறகு ஊருக்குத் திரும்பி விவசாய வேலைக்குப் போய்விட்டார். அவர் தன் ஊரான அவலானைப் பற்றிப் பாடிய ஒரு பாட்டை வைத்தே 1963இல் ரசிகர்கள் அவரைத் தேடிப் பிடித்தார்கள். அதே வருடம் நியூபோர்ட் ஃபோக் விழாவில் பாடினார். அந்தக் காலப் பதிவுகள் சுத்தமாக இருக்கும். அவற்றை முதலில் கேட்டுவிட்டு 1928க்குப் போனால், இரைச்சலுக்குள் இருப்பது ஏற்கெனவே தெரிந்த மனிதரின் குரல். இரைச்சல் தொந்தரவாகவே இருக்காது. அமெரிக்கக் கறுப்பினத்தவரிடம் பிறந்த ப்ளூஸ் என்ற பாட்டுவகைக்கு முதல் ஆசானாக ஹர்ட்டைத்தான் சொல்வேன். இன்னொரு மிசிசிப்பி ப்ளூஸ் பாடகரான சார்லி பாட்டனைக் கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள். மாபெரும் கலைஞர், ஆனால் முரட்டுக் குரலும் தேய்ந்த தட்டுகளும் சேர்ந்து ஆரம்பத்திலேயே விரட்டிவிடும்.

4. வரிகளைக் கையால் எழுதுங்கள்

1961இல் மிசிசிப்பி ப்ளூஸ் பாடகர் ராபர்ட் ஜான்சனின் பழைய பதிவுகள் முதல்முறையாக ஒரு நீள இசைத்தட்டாகத் தொகுக்கப்பட்டபோது, அது கடைக்கு வருவதற்கு முன்பே டிலன் கையில் ஒரு பிரதி கிடைத்தது. அதன் வரிகளைக் காகிதத் துண்டுகளில் எழுதி எழுதி, எப்படிக் கட்டப்பட்டிருக்கின்றன என்று பார்த்ததாகத் தன் நினைவுக்குறிப்பில் சொல்கிறார். நாமும் அதையே செய்யலாம்.

எழுதினால் இரண்டு விஷயங்கள் கண்ணில் படும். முதலாவது, ப்ளூஸின் அடிப்படை வடிவம்: ஒரு வரி, அதே வரி மறுபடி, பிறகு அதற்குப் பதில் சொல்லும் மூன்றாவது வரி. பெரும்பாலும் 12 தாளக்கட்டுக்குள் இது முடியும். இரண்டாம் முறை பாடும்போது கேட்பவருக்கு அடுத்தது என்ன என்ற எதிர்பார்ப்பு ஏறும், மூன்றாவது வரி அதை அவிழ்க்கும். ஒரே மாதிரி இருக்கிறது என்று தோன்றிய பாட்டுகள் இந்த மூன்றாவது வரியில்தான் வேறுபடும்.

இரண்டாவது, வரிகள் ஊர் மாறும். ஜெஃபர்சன் பாடிய ஒரு வரி இன்னொருவர் பாட்டில் அப்படியே வரும். ஒப்பாரியில் சில அடிகள் யாருக்கும் சொந்தமில்லாமல் ஊர் ஊராகப் போய், ஒவ்வொரு சாவிலும் புதிதாக அழுவதற்குப் பயன்படுமே, அதேதான். இதைத் திருட்டு என்று பார்த்தால் இந்த இசை புரியாது. யார் முதலில் சொன்னது என்பதைவிட, இவர் இப்போது எந்த இடத்தில் வைத்துச் சொல்கிறார் என்று கேளுங்கள்.

ராபர்ட் ஜான்சன் பதிவு செய்தது மொத்தம் 29 பாட்டுகள்: 1936இல் சான் அன்டோனியோவிலும் 1937இல் டாலஸிலும். 1938இல் 27 வயதில் இறந்தார். பிசாசோடு ஒப்பந்தம் போட்டார் என்ற கதையை எல்லோரும் சொல்வார்கள். அதை ஒதுக்கிவைத்துவிட்டு அவர் பெருவிரலைக் கவனியுங்கள். ஒரே கிட்டாரில் அடித்தளமும் பதில் இசையும் சேர்ந்து வருவதால் இரண்டு பேர் வாசிப்பதுபோல இருக்கும்.

5. ஒரு பாட்டைப் பிடித்து, அதன் உறவினர்களைத் தேடுங்கள்

தொகுப்பிலிருந்து ஒரு இசைவகைக்குப் போக எளிய வழி, ஒரே கதையைப் பலர் பாடியிருப்பதைத் தேடுவது.

எடுத்துக்காட்டாக ஸ்டாக் லீ. 1895 கிறிஸ்துமஸ் இரவில் செயின்ட் லூயிஸ் நகர மதுக்கடை ஒன்றில் லீ ஷெல்டன் என்பவர் பில்லி லயன்ஸ் என்பவரைச் சுட்டார். தொப்பியைப் பற்றிய தகராறு. அது பாட்டாகி நாடெங்கும் பரவியது. 1927இல் மேற்கு வர்ஜீனியாவின் சுரங்கத் தொழிலாளி ஃபிராங்க் ஹட்சிசன், வெள்ளைக்காரர், கிட்டாரும் ஹார்மோனிகாவுமாகப் பாடினார். 1928இல் ஜான் ஹர்ட், கறுப்பினத்தவர், மெதுவாக, கிட்டத்தட்டத் தாலாட்டுப் போலப் பாடினார். 1993இல் டிலன் ஹட்சிசன் பாடிய வடிவத்தை எடுத்துப் பாடினார். மூன்றையும் ஒரே மாலையில் கேளுங்கள்.

கேட்டபிறகு இன்னொன்றும் தெளிவாகும். அன்றைய கம்பெனிகள் கறுப்பினத்தவரின் தட்டுகளை ‘ரேஸ்’ என்றும் வெள்ளைக்காரக் கிராமத்தாரின் தட்டுகளை ‘ஹில்பில்லி’ என்றும் தனித்தனிப் பட்டியலில் விற்றன. பாட்டுகள் அந்தக் கோட்டை மதிக்கவேயில்லை. ப்ளூஸ் ஒரு அலமாரி, கன்ட்ரி இன்னொரு அலமாரி என்ற பிரிவினையில் பெரும்பங்கு விற்பனைக்காக உண்டானது. புதியவர்கள் இதை ஆரம்பத்திலேயே தெரிந்துகொண்டால் நிறையக் குழப்பம் தவிரும்.

இதேபோல ‘ஹவுஸ் ஆஃப் த ரைசிங் சன்’ பாட்டையும் பின்தொடரலாம். 1933இல் கிளாரன்ஸ் ஆஷ்லியும் க்வென் ஃபாஸ்டரும் பதிவு செய்தார்கள். 1937இல் கென்டக்கியில் ஜார்ஜியா டர்னர் என்ற 16 வயதுப் பெண் பாடியதை நாட்டுப்பாடல் சேகரிப்பாளர் ஆலன் லோமக்ஸ் பதிவு செய்தார். 1962இல் வெளிவந்த முதல் இசைத்தட்டில் டிலன், டேவ் வான் ராங்க் என்ற பாடகர் அமைத்த விதத்தில் பாடினார். 1964இல் அனிமல்ஸ் குழு பாடியதைத்தான் உலகம் அறியும்.

மலைநாட்டுக் கதைப்பாடல்களுக்குள் போக ஆஷ்லிதான் நல்ல வழித்துணை. அவருடைய ‘த ஹவுஸ் கார்பென்டர்’ 1930இல் பதிவானது. பிரான்சிஸ் ஜேம்ஸ் சைல்ட் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொகுத்த 305 இங்கிலாந்து, ஸ்காட்லாந்துக் கதைப்பாடல்களில் அது 243ஆம் எண். கடல் கடந்து வந்து, அப்பலாச்சியன் மலைகளில் தலைமுறை தலைமுறையாக வாய்வழியாக நின்று, பாஞ்சோ என்ற தந்தி வாத்தியத்தோடு தட்டில் ஏறியது. கவனியுங்கள், ஆஷ்லி எந்த உணர்ச்சியும் காட்டாமல் பாடுவார். கணவனையும் குழந்தையையும் விட்டுப் போகும் பெண், மூழ்கும் கப்பல், எல்லாம் ஒரே குரலில். கதையே போதும் என்ற நம்பிக்கை அது. பழகியபின், நடித்துப் பாடுகிறவர்களைக் கேட்கவே பொறுக்காது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கன்ட்ரிக்குக் கார்ட்டர் குடும்பத்தையும் ஜிம்மி ரோட்ஜர்ஸையும் கேட்டுவிட்டு ஹாங்க் வில்லியம்ஸுக்கு வாருங்கள். காஸ்பல் எனும் கிறிஸ்தவப் பக்திப் பாட்டுக்கு பிளைண்ட் வில்லி ஜான்சன், பிறகு ஸ்டேபிள் சிங்கர்ஸ். நாட்டுப்பாடகர் வுடி கத்ரியைக் கேட்க 1940இல் வந்த ‘டஸ்ட் போல் பாலட்ஸ்’. கத்ரியும் பழைய மெட்டில் புது வரி எழுதியவர்தான். அவருடைய புகழ்பெற்ற ‘திஸ் லாண்ட் இஸ் யுவர் லாண்ட்’ கார்ட்டர் குடும்பத்தின் மெட்டில் நிற்கிறது. லெட் பெல்லியைத் தவறவிடாதீர்கள். யாரோ தந்த அவருடைய தட்டு ஒன்று தன் வாழ்க்கையை அன்றே மாற்றியது என்று டிலன் தன் நோபல் உரையில் சொன்னார். ராக் அண்ட் ரோல் பாடகர்களான சக் பெர்ரி, லிட்டில் ரிச்சர்ட், பட்டி ஹாலி ஆகியோரைக் கேட்க வழிகாட்டியே தேவையில்லை.

6. சங்கடமான பாட்டுகளும் வரும்

முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பெண்களைக் கொல்லும் கதைப்பாடல்கள் நிறைய. இனவெறிச் சொற்களும், வெள்ளைக்காரர்கள் முகத்தில் கரிபூசி நடித்த மேடைகளிலிருந்து வந்த பாட்டுகளும் உண்டு. அவற்றை விரும்ப வேண்டியதில்லை. பிடிக்காவிட்டால் தாண்டிப் போங்கள். ஆனால் எங்கிருந்து வந்தன என்று ஒருமுறை படித்துவிட்டுத் தாண்டுங்கள், ஏனென்றால் அதே மெட்டு வேறொரு அழகான பாட்டில் திரும்ப வரும்.

7. பெரிய தொகுப்புக்குப் போங்கள்

ஜோடிகள் சில கேட்டு முடித்தபின் ஹாரி ஸ்மித்தின் ‘ஆந்தாலஜி ஆஃப் அமெரிக்கன் ஃபோக் மியூசிக்’கை எடுங்கள். 1952இல் ஃபோக்வேஸ் என்ற கம்பெனி வெளியிட்டது, 84 பாட்டுகள், எல்லாம் 1920களின் பிற்பாதியிலும் 30களின் தொடக்கத்திலும் விற்பனைக்கு வந்த தட்டுகளிலிருந்து எடுத்தவை. டிலனின் தலைமுறைப் பாடகர்கள் இதிலிருந்துதான் கற்றார்கள். 1997இல் ஸ்மித்சோனியன் இதை மறுபடி வெளியிட்டது. ஸ்மித் இதைக் கதைப்பாடல்கள், கூட்ட இசை, பாட்டுகள் என்று மூன்று பகுதிகளாகப் பிரித்தார். பாடியவரின் இனத்தை எங்கேயும் குறிக்கவில்லை. கதைப்பாடல்களின் கதையைப் பத்திரிகைத் தலைப்புப் போல ஓரிரு வரிகளில் எழுதிவைத்தார். மூன்று பகுதிகளில் நடுவிலுள்ளதைப் பலர் தாண்டிவிடுவார்கள். ஆட்டத்துக்கான ஃபிடில் இசையும் தேவாலயக் கூட்டுப்பாட்டும் அதில்தான் இருக்கின்றன, தாண்டாதீர்கள்.

டிலனும் வழி காட்டியிருக்கிறார். 1992, 1993இல் தனியாகக் கிட்டாரோடு பழைய பாட்டுகளை மட்டும் பாடி இரண்டு ஆல்பங்கள் தந்தார். இரண்டாவதான ‘வேர்ல்ட் கான் ராங்’ உறையில், எந்தப் பாட்டை யாரிடமிருந்து எடுத்தார் என்று அவரே எழுதியிருக்கிறார். 2006 முதல் 2009 வரை நடத்திய வானொலி நிகழ்ச்சியில் ஒவ்வொரு வாரமும் ஒரு தலைப்பின்கீழ் பழைய தட்டுகளைப் போட்டார்.

8. டிலனை விட்டு விலகுங்கள்

ஒரு கட்டத்தில் ‘இது எந்த டிலன் பாட்டின் மூலம்’ என்று கேட்பதை நிறுத்திவிட வேண்டும். இந்தப் பாடகர்கள் பின்னால் வரப்போகும் ஒருவருக்காகப் பாடவில்லை. சனிக்கிழமை இரவு ஆட்டத்துக்கும், ஞாயிற்றுக்கிழமை வழிபாட்டுக்கும், தெருமுனையில் விழும் சில்லறைக்கும் பாடினார்கள். மூலம் என்று மட்டும் கேட்டால் பாதிப் பாட்டுதான் கேட்கும்.

தொகுப்பின் குறையும் இங்கேதான் தெரியும். ஒருவரின் ரசனையைச் சுற்றிக் கட்டியது என்பதால், கிட்டாரோடு தனியாகப் பாடும் ஆண்கள் பக்கம் அது சாய்ந்திருக்கும். ப்ளூஸை முதலில் தட்டில் ஏற்றி விற்றுக் காட்டியவர்கள் பெண்கள். 1920இல் மேமி ஸ்மித், 1923இல் பெஸ்ஸி ஸ்மித், மா ரெய்னி. அவர்களையும், கிட்டாரில் எந்த ஆணுக்கும் சளைக்காத மெம்ஃபிஸ் மின்னியையும், கிட்டாரைத் தலைகீழாகப் பிடித்து இடது கையால் வாசித்த எலிசபெத் காட்டனையும் நீங்களே போய்த் தேட வேண்டும்.

தேட ஒரு எளிய உத்தி: பாடகரை விட்டுவிட்டு, பதிவான இடத்தைப் பிடியுங்கள். 1927 ஜூலை கடைசியில் ரால்ஃப் பியர் என்ற தயாரிப்பாளர் விக்டர் கம்பெனிக்காக டென்னஸி, வர்ஜீனியா எல்லையிலுள்ள பிரிஸ்டல் நகரத்துக்கு வந்து, இரண்டு வாரத்துக்குள் 19 குழுக்களிடம் 76 பாட்டுகளைப் பதிவு செய்தார். கார்ட்டர் குடும்பமும் ஜிம்மி ரோட்ஜர்ஸும் முதல்முறையாகத் தட்டுக்குப் பாடியது அங்கேதான். அவர்கள் இருவரையும் எல்லாத் தொகுப்பும் தரும். அதே நாட்களில் அதே அறையில் பாடிய எர்னஸ்ட் ஸ்டோன்மன், ஆல்ஃபிரட் கார்ன்ஸ், பிளைண்ட் ஆல்ஃபிரட் ரீட் ஆகியோரில் தொடங்குங்கள். ரீடுக்குப் போனால், அவர் 1929இல் பாடிய ‘ஹவ் கேன் எ புவர் மேன் ஸ்டாண்ட் சச் டைம்ஸ் அண்ட் லிவ்’ பாட்டை முதலில் கேளுங்கள். பிரிஸ்டல் பதிவுகள் முழுத் தொகுதியாகவே கிடைக்கின்றன.